விடுமுறையும் காவலுரிமையும்

பள்ளி ஆண்டின் கடைசி நாள் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் நாள். கேமரன் மலையின் வடகோடியில் உள்ள கம்போங் ராஜாவில், தேயிலைச் சரிவுகளில் மூடுபனி விலகுமுன்பே பெற்றோர் பள்ளி வாயிலில் வந்து நிற்பர். ஆயினும், பெற்றோர் மணமுறிவு பெற்றுப் பிரிந்துபோன பிள்ளைக்கு அந்நாள் ஓர் அச்சநாளாகவும் அமைவதுண்டு. தன்னை அழைத்துச் செல்ல வருபவர் தாயா, தந்தையா, அழைத்துச் செல்பவர் குறித்த நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவாரா என்னும் ஐயங்கள் அப்பிள்ளையின் உள்ளத்தில் எழும். அந்த ஐயத்திற்கு விடை நீதிமன்ற ஆணையில் இருத்தல் வேண்டும். அவ்வாணையை மீறினால் விளைவது யாது என்பதைத் தமிழாசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

ஆண்டு முழுவதும் அடங்கிக் கிடக்கும் பூசல் விடுமுறையிலேதான் வெளிப்படுகிறது. பள்ளி நடக்கும் நாள்களில் பிள்ளை இருக்கவேண்டிய இடம் இன்னதென்பது எல்லார்க்கும் தெரியும். பள்ளி மூடியபின் பிள்ளை மலையிறங்கி வேறு ஊருக்குப் போகிறது. சிலபோது வேறு நாட்டிற்கும் போகிறது. திரும்பி வாராவிட்டால் அதனை உணர்வதற்கே சில நாள் கழிந்துவிடும். ஆகலின் காவலுரிமை ஆணைகள் பெரும்பாலும் மீறப்படுவது விடுமுறையில் எனின் அதில் வியப்பில்லை.

சொல்லும் பொருளும்

‘காவல்’ என்னும் சொல் நம் மக்களிடையே சற்று மயக்கம் விளைவிப்பது. ‘காவலில் வைத்தனர்’ என்றால் சிறைக்காவல் என்றே பலர் கொள்வர். பிள்ளையைப் பற்றிய வழக்கில் அச்சொல் காத்தல் என்னும் பொருளது. பிள்ளை யாரிடம் தங்குவது, அன்றாடம் அதன் உணவு, உடை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றை யார் கவனிப்பது என்பதே காவலுரிமை. காவலுரிமை பெறாத மற்றவர் பிள்ளையைக் கண்டு பேசவும் குறித்த நாள்களில் தம்முடன் வைத்துக்கொள்ளவும் பெறும் உரிமை சந்திப்புரிமை எனப்படும். விடுமுறை பற்றிய ஏற்பாடு பெரும்பாலும் இந்தச் சந்திப்புரிமையின் ஒரு கூறாகும்.

மலேசிய நீதிமன்ற ஆணைகள் மலாய் மொழியில் எழுதப்படுவதால், தோட்டத்துப் பெற்றோர் பலர் அவற்றைக் கையில் வைத்திருந்தும் பொருள் அறியாதிருப்பர். ‘ஹக் ஜகாஆன்’ எனின் காவலுரிமை; ‘ஹக் லாவாத்தான்’ அல்லது ‘அக்செஸ்’ எனின் சந்திப்புரிமை; ‘சூத்தி செக்கோலா’ எனின் பள்ளி விடுமுறை; ‘மெங்ஹினா மஹ்காமா’ எனின் நீதிமன்ற அவமதிப்பு. இந்நான்கு தொடர்களையும் விளக்கிச் சொல்லும் ஆசிரியர், வழக்கறிஞர் அல்லராயினும், பெரியதோர் உதவி செய்தவராவார்.

இவ்விரு உரிமைகளும் பெற்றோரின் உடைமையைப் பங்கிடுவன அல்ல. ஐக்கிய நாட்டுப் பேரவையின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-ஆம் ஆண்டில் சேர்ந்தது. அதன் 9-ஆம் விதி, பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளை இருவருடனும் நேரான தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையைப் பிள்ளைக்கே உரியதாகக் கூறுகிறது. பிள்ளையின் நலனுக்கு மாறாக இருந்தாலன்றி அவ்வுரிமை தடைப்படலாகாது. எனவே ஆணையை மீறுபவர் மற்றவரின் உரிமையை மட்டும் பறிக்கவில்லை, தம் பிள்ளையின் உரிமையையும் பறிக்கிறார்.

சட்டம் கூறுவது

முஸ்லிம் அல்லாதார் திருமணம், மணமுறிவு பற்றிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 88-ஆம் பிரிவின்படி, பிள்ளையைத் தாயிடமோ தந்தையிடமோ ஒப்படைக்க உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. அவ்வாறு முடிவு செய்யுங்கால் முதன்மையாகக் கருதப்படுவது பிள்ளையின் நலன். அதன்பின், பெற்றோரின் விருப்பமும், தன் கருத்தைச் சொல்லும் வயதை எட்டிய பிள்ளையாயின் அதன் விருப்பமும் கேட்கப்படும். ஏழு வயது நிரம்பாத பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்னும் ஊகம் ஒன்று சட்டத்தில் உண்டு. ஆயினும் அது மறுக்கத்தக்க ஊகமே. பிள்ளையின் வாழ்வை அடிக்கடி இடம் மாற்றிக் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் கருத்திற்கொள்ள வேண்டும்.

அடுத்த 89-ஆம் பிரிவே விடுமுறைக்கு அடிப்படை. காவலுரிமை பெறாத தாயோ தந்தையோ, அல்லது அவர்தம் குடும்பத்தாரோ இருக்குமிடத்திற்குப் பிள்ளை சென்று தங்கவும், தகுந்த காலங்களில் அவர்கள் பிள்ளையைச் சந்திக்கவும் நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். பிள்ளையை மலேசியாவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதென்றும் விதிக்கலாம். பாட்டியார் வீட்டில் தீபாவளி, பத்துமலையில் தைப்பூசம், ஆண்டிறுதி விடுமுறையில் பாதி என்றெல்லாம் ஆணைகளில் எழுதப்படுவதற்கு இப்பிரிவே இடம் தருகிறது.

ஆணை எதுவும் இல்லாத நிலை வேறு. பிள்ளைகளின் பாதுகாவலர் பற்றிய 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபின், தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைமீது சமமான உரிமை ஏற்பட்டது. கணவன் மனைவியர் பிரிந்து வாழ்ந்தும் நீதிமன்றம் செல்லவில்லையாயின், விடுமுறைக்கு அழைத்துச் சென்றவர் எந்த ஆணையையும் மீறியவராகார். ‘நாங்கள் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துவிட்டோம்’ என்று கோவில் மண்டபத்தில் செய்துகொண்ட ஏற்பாட்டிற்கு மதிப்புண்டு; அதனை மீறியவரைச் சிறைக்கு அனுப்பும் ஆற்றல் மட்டும் இல்லை. அவ்வாற்றல் வேண்டுமாயின் ஒப்பந்தம் நீதிமன்றத்தின் ஆணையாகப் பதியப்பெறல் வேண்டும்.

மீறினால் வரும் முதல் விளைவு

நீதிமன்ற ஆணையை வேண்டுமென்றே மீறுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகும். உயர் நீதிமன்றம் முதலான மேல் நீதிமன்றங்கள் தம்மை அவமதிப்பவரைத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்பின் 126-ஆம் விதி வழங்குகிறது. தண்டனை அபராதமாகவும் இருக்கலாம், சிறையாகவும் இருக்கலாம். பிள்ளையை வெளிநாட்டிற்குக் கொண்டுபோகக் கூடாதென்று 101-ஆம் பிரிவின்கீழ்ப் பிறந்த தடையை மீறுவதும் அவமதிப்பாகவே தண்டிக்கப்படும் என்று மேற்கூறிய 1976-ஆம் ஆண்டுச் சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது.

இங்கு இரு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, மீறல் இரு பக்கத்திலும் நிகழக்கூடும். விடுமுறை முடிந்தும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாத தந்தை மீறியவர்; விடுமுறை தொடங்கியும் பிள்ளையை அனுப்ப மறுக்கும் தாயும் மீறியவரே. ‘அவர் மாதந்தோறும் தரவேண்டிய செலவுத் தொகையைத் தரவில்லை, ஆகையால் பிள்ளையை அனுப்பவில்லை’ என்று சிலர் கூறுவர். செலவுத்தொகை பற்றிய ஆணை வேறு. சந்திப்பு பற்றிய ஆணை வேறு. ஒன்று மீறப்பட்டால் அதற்கு நீதிமன்றத்தில் பரிகாரம் தேடவேண்டுமேயன்றி, மற்றதைத் தாமும் மீறிப் பழிதீர்த்துக்கொள்ள இடமில்லை.

மற்றொன்று, அவமதிப்பு எளிதில் மெய்ப்பிக்கப்படுவதன்று. ஒருவரின் உடல் உரிமை இதில் அடங்கியிருத்தலின், குற்றவழக்கிற்குரிய அளவில், நியாயமான ஐயத்திற்கு இடமின்றி அது மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஆணை தெளிவானதா, அது அவர் கைக்கு முறைப்படி சேர்ந்ததா, அவர் அறிந்தே மீறினாரா என்று நீதிபதி பார்ப்பார். மழைக்காலத்தில் சிம்பாங் பூலாய்ச் சாலையில் மண் சரிந்து, கம்போங் ராஜாவுக்கு வரவேண்டிய பிள்ளை ஒருநாள் தாமதித்து வந்தால் அது வேண்டுமென்றே செய்த மீறலாகாது. ஆயினும், சாலை அடைபட்டதை அப்பொழுதே தொலைபேசியில் தெரிவித்தவரும், ஒரு வாரம் வாய் திறவாதிருந்துவிட்டுப் பின்னர் மழையைக் காரணம் காட்டுபவரும் நீதிபதியின் கண்ணில் ஒருவராகார்.

குற்றச் சட்டத்தின் பிடி

2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, காவலுரிமை இல்லாத தாயோ தந்தையோ பாதுகாவலரோ, அவ்வுரிமை உடையவரின் இசைவின்றிப் பிள்ளையைக் கொண்டுசெல்வதையும் வேறிடத்திற்கு அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. நாட்டுக்குள்ளே கொண்டுசென்றாலும், வெளியே கொண்டுசென்றாலும் குற்றமே. அபராதமும் சிறையும் அதற்குத் தண்டனையாக உள்ளன. அதே பிரிவு சில எதிர்வாதங்களையும் ஏற்கிறது. மற்றவர் இசைந்தார் என்று நம்பிச் செய்தமையும், பிள்ளை அங்கே கொடுமைக்கு உள்ளாகிறது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தமையும் அத்தகையன. 53-ஆம் பிரிவின்கீழ், கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையை மீட்டுத் தருமாறு நீதிமன்றம் மீட்பாணை பிறப்பிக்கலாம்.

உறவினர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 361-ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளையையோ 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையையோ, சட்டப்படியான பாதுகாவலரின் இசைவின்றி அவர் காப்பிலிருந்து கொண்டுசெல்வதைக் கடத்தல் என்கிறது. 363-ஆம் பிரிவின்படி அதற்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். ‘அண்ணன் பிள்ளைதானே’ என்று காரோட்டிச் செல்லும் சிற்றப்பாவும், ‘பேரப்பிள்ளைதானே’ என்று வீட்டில் மறைத்து வைக்கும் பாட்டியும் தாம் செய்வது குடும்ப உதவி என்றே எண்ணுவர். ஆணை இருப்பதை அறிந்தும் அதனை மீறத் துணைநிற்பவர் அவமதிப்புக் குற்றத்திற்கும் ஆளாகலாம்.

இவற்றிற்கு மேலாக, 96-ஆம் பிரிவின்கீழ்க் காவலுரிமை ஆணையையே மாற்றியமைக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. சொன்ன நாளில் பிள்ளையைத் திருப்பித் தாராதவர் இனித் தனியே வைத்துக்கொள்ளலாகாது, மூன்றாமவர் முன்னிலையில் மட்டுமே காணலாம் என்றும் விதிக்கக்கூடும். ஒரு விடுமுறையைத் திருடியவர் வரும் விடுமுறைகளையெல்லாம் இழக்க நேரும்.

ஈப்போ வழக்கு

சட்டம் ஏட்டில் இருப்பதும் பிள்ளை கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதற்கு மலையடிவாரத்து ஈப்போவிலேயே சான்று உண்டு. பாலர் பள்ளி ஆசிரியை திருமதி இந்திரா காந்தியின் வழக்கு நாடறிந்தது. 2009-ஆம் ஆண்டில் அவர் கணவர் இசுலாம் தழுவினார். பதினொரு மாதமே ஆன கடைசிப் பெண்குழந்தையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுச் சென்றார். மூன்று பிள்ளைகளும் தாயின் இசைவின்றி மதம் மாற்றிப் பதியப்பட்டனர். 2010 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் காவலுரிமையையும் தாய்க்கு வழங்கியது. கைக்குழந்தை மட்டும் திரும்பவில்லை.

2014 மே 30-ஆம் நாள் அதே நீதிமன்றம் தந்தையை அவமதிப்புக் குற்றவாளி எனக் கண்டு, அவரைப் பிடிக்க ஆணையிட்டது. முன்னதாக சரியா நீதிமன்றமும் தந்தைக்குக் காவலுரிமை வழங்கியிருந்தமையால், எதனை நிறைவேற்றுவது என்னும் சிக்கல் எழுந்தது. போலீஸ் படைத்தலைவர் செயற்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 டிசம்பரில் தள்ளியது. பின்னர், 2016 ஏப்ரல் 29-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் பிடியாணையைப் போலீஸ் படைத்தலைவர் நிறைவேற்றவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018 சனவரி 29-ஆம் நாள் அதே நீதிமன்றம், பிள்ளைகளின் மதமாற்றம் செல்லாது, அதற்குப் பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்று தீர்த்தது. அத்தனைக்குப் பின்னும் ஆண்டுகள் பல கழிந்தும் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை.

அவ்வழக்கு விடுமுறையில் பிறந்ததன்று. மத மாற்றமும் இரு நீதிமன்றங்களின் அதிகார எல்லையும் அதில் பின்னிக் கிடந்தன. ஆயினும் காவலுரிமை பற்றிய எல்லா வழக்கிற்கும் அதில் ஒரு பாடம் உண்டு. அவமதிப்பு என்பது ஆளைத் தண்டிக்கும் கருவியே. மறைந்த பிள்ளையைத் தேடித் தரும் கருவி அன்று. முதல் சில நாள்களில் கிடைக்காத பிள்ளை, மாதங்கள் கடந்தபின் கிடைப்பது அரிதாகிறது. காலமே மீறியவரின் துணை. கைக்குழந்தை வளர்ந்து, கண்ட முகத்தையே அறிந்த முகமாகக் கொள்கிறது.

சிரம்பான் வழக்கு

மற்றொரு வழக்கு நெகிரி செம்பிலானில் எழுந்தது. 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் சிரம்பான் உயர் நீதிமன்றம் மணமுறிவு வழங்கி, இரு பிள்ளைகளின் காவலுரிமையையும் தாய்க்குக் கொடுத்தது. இரண்டே நாளில் தந்தை மகனை எடுத்துச் சென்றார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2016 பிப்ரவரி 10-ஆம் நாள் அந்நீதிமன்றம், முஸ்லிம் அல்லாதாராக இருந்து மணந்தவர்களின் பிள்ளைகள் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் குடிமை நீதிமன்றத்திற்கே உண்டு என்று உறுதி செய்தது. ஆயினும் பிள்ளைகளை அழைத்துக் கேட்டபின், மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் இருக்குமாறு ஆணையை மாற்றியது.

இத்தீர்ப்பைக் கண்டு, ‘முதலில் எடுத்துக்கொண்டு போனவனுக்கே வெற்றி’ என்று முடிவு கட்டுவோர் உளர். அக்கலக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. நீதிமன்றம் பார்ப்பது பெற்றோருள் யார் வென்றார் என்பதையன்று, தீர்ப்பு நாளில் பிள்ளைக்கு எது நலம் என்பதையே; ஈராண்டு ஓரிடத்தில் வளர்ந்த பிள்ளையை மீண்டும் பறித்தல் நலமா என்னும் கேள்வி அங்கே எழுந்தே தீரும். இதிலிருந்து தெரியவருவது, மீறலைக் கண்டவர் காலம் தாழ்த்தலாகாது என்பதே. ஒரு விடுமுறை தப்பியவுடன் நீதிமன்றம் செல்பவர் நிலை வலுவுடையது; மூன்று விடுமுறை பொறுத்திருந்து செல்பவர் நிலை தளர்ந்தது.

கடல் கடந்த விடுமுறை

பிள்ளையைத் தமிழ்நாட்டிற்கோ சிங்கப்பூருக்கோ இலங்கைக்கோ அழைத்துச் செல்லும் விடுமுறைகள் இக்காலத்தில் பெருகியுள்ளன. எல்லை கடந்து பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதைத் தடுக்க 1980-ஆம் ஆண்டில் ஏக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. ஒப்பந்த நாடுகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தவறாகக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளை, வழக்கமாக வாழ்ந்த நாட்டிற்கே விரைவில் திருப்பி அனுப்பப்படவேண்டும் என்பது அதன் சாரம். விடுமுறைக்கு இசைவுடன் சென்று, காலம் கடந்தும் பிடித்து வைத்துக்கொள்ளப்பட்ட பிள்ளையையும் அது காக்கும். இலங்கை அதில் சேர்ந்து 2001-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. சிங்கப்பூர் 2010-இல் சேர்ந்தது. இந்தியாவும் மலேசியாவும் சேரவில்லை. எனவே இங்கிருந்து சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையை அவ்வொப்பந்தத்தின் வழி மீட்க இயலாது; அங்குள்ள நீதிமன்றத்தில் புதிதாக வழக்காட வேண்டும்.

அத்தகைய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் செய்த செயல் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தாய்க்குக் காவலுரிமையும் தந்தைக்கு வார இறுதிச் சந்திப்பும் வழங்கப்பட்டிருந்தன. 1986 சனவரியில் தந்தை அந்த வார இறுதி உரிமையைப் பயன்படுத்திச் சிறுவனை அழைத்துக்கொண்டு, யாரும் அறியாமல் புனே நகருக்கு வந்துவிட்டார். தாய் இந்தியா வந்து உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனு இட்டார். அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்து, அமெரிக்காவிற்கு அழைத்துச் செல்ல இசைந்தது. டின்ஷா வழக்கு எனப் பெயர்பெற்ற அதில், தாய் பத்து மாதங்களுக்குள் தீர்ப்புப் பெற்றமை கருதத்தக்கது. ஆயினும் எல்லா வழக்கும் அவ்வாறே முடிவதில்லை. அயல்நாட்டு ஆணையையும் ஒரு காரணமாகவே கொண்டு, பிள்ளையின் நலனைத் தாமே ஆராய்ந்து இந்திய நீதிமன்றங்கள் முடிவு செய்யும்.

ஆகவே கடவுச்சீட்டு யார் கையில் இருப்பது, பயணத்திற்கு எழுத்திலான இசைவு வேண்டுமா, திரும்பும் பயணச்சீட்டின் நகலை மற்றவரிடம் கொடுக்கவேண்டுமா என்பனவற்றை முன்னரே ஆணையில் எழுதுவித்தல் அறிவுடைமை. விமானம் ஏறியபின் தேடுவதினும், ஏறுமுன் தடையாணை பெறுதல் பன்மடங்கு எளிது.

நாட்காட்டியும் ஆணையும்

ஆணை தெளிவாக இல்லையேல் தண்டனையும் இல்லை என்பது மேலே கூறப்பட்டது. விடுமுறை பற்றிய தெளிவைத் தருவதில் ஆசிரியர்க்கு வழக்கறிஞரினும் மிகுந்த அறிவு உண்டு. ஏனெனில் பள்ளி நாட்காட்டியை அறிந்தவர் ஆசிரியரே.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் காணலாம். தாய் கம்போங் ராஜாவில் தேயிலை பறிப்பவர். தந்தை கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் லாரி ஓட்டுபவர். ‘டிசம்பர் விடுமுறையில் பாதி தந்தையிடம்’ என்பது பழைய ஆணை. பல்லாண்டுகள் பள்ளி சனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்தமையால் எல்லார்க்கும் அதன் பொருள் விளங்கியது. 2022, 2023, 2024-ஆம் ஆண்டுகளில் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. 2025-இல் பிப்ரவரியில் தொடங்கியது. 2026-இல் மீண்டும் சனவரிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆண்டிறுதி விடுமுறை பிப்ரவரி, மார்ச்சுப் பக்கம் நகர்ந்தது. ‘டிசம்பர்’ என்று எழுதியதைத் தாய் சொல்லுக்குச் சொல் கொண்டார். தந்தை ஆண்டிறுதி விடுமுறை என்று கொண்டார். இருவரும் தத்தம் மனத்தில் நேர்மையானவரே. பூசலோ மூண்டது.

இன்னும் ஒன்று. பகாங்கிலும் பேராவிலும் வார ஓய்வு சனி, ஞாயிறு; கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளி, சனி. அதனால் விடுமுறை தொடங்கும் நாளும் முடியும் நாளும் வழக்கமாக ஒரு நாள் முன்பின்னாகும். ‘பள்ளி விடுமுறை’ என்று மட்டும் எழுதினால், எந்த மாநிலத்துப் பள்ளி என்னும் கேள்வி எழும்.

இக்குறைகள் நீங்க ஆணையில் இருக்கவேண்டியவை இவை: மாதத்தின் பெயரைச் சுட்டாது, ‘பிள்ளை பயிலும் பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறை’ என்று குறித்தல், முற்பாதி யாருக்கு, பிற்பாதி யாருக்கு, அடுத்த ஆண்டு மாறுமா என்று கூறுதல், தீபாவளியும் தைப்பூசமும் ஒற்றை ஆண்டில் ஒருவர்க்கும் இரட்டை ஆண்டில் மற்றவர்க்கும் எனப் பகுத்தல், பிள்ளையை ஒப்படைக்கும் இடமும் மணியும் குறித்தல், பள்ளி திறப்பதற்கு ஒருநாள் முன்பே பிள்ளை வீடு திரும்பச் செய்தல், தங்கியிருக்கும் நாள்களில் மற்றவருடன் தொலைபேசியில் பேசும் நேரத்தை வரையறுத்தல். தொலைவில் வாழும் பெற்றோர்க்கு விடுமுறையில் நீண்ட தங்கலும், ஏனைய நாளில் ஒளிப்படத் தொலைபேசித் தொடர்பும் அமைத்தல் நன்று என்பதை இந்திய உச்ச நீதிமன்றமும் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் வற்புறுத்தியது.

‘நியாயமான சந்திப்பு’ என்னும் இரு சொல் ஆணை, பெற்றோர் நட்புடன் இருக்குமட்டும் போதும். நட்பு முறிந்த அன்றே அது பயனற்றதாகிவிடும். பழைய ஆணையில் இக்குறை இருப்பின் 96-ஆம் பிரிவின்படித் திருத்தம் கேட்கலாம். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவர் சட்ட உதவித் துறையை நாடலாம். வருமான வரம்பிற்கு உட்பட்டவர்க்குக் குடும்ப வழக்குகளில் அத்துறை துணை செய்கிறது.

பள்ளியின் கடமை

பள்ளி நீதிமன்றமுமன்று, போலீஸ் நிலையமுமன்று. தலைமையாசிரியர் இருவருள் எவர் பக்கமும் சாயலாகாது. ஆயினும் அவர் செய்யத்தக்கன சில உள.

காவலுரிமை ஆணை இருக்குமாயின் அதன் நகலைப் பெற்று மாணவர் பதிவில் வைத்தல் வேண்டும். ‘தந்தையிடம் அனுப்ப வேண்டா’ என்று தாய் வாயால் சொல்வது மட்டும் போதாது. ஆணையின்றேல் தந்தையும் சம உரிமையுடையவர் என்பதை முன்னரே கண்டோம். பள்ளி மூடும் நாளில் பிள்ளையை அழைத்துச் செல்பவர் பெயரும் நேரமும் குறித்துக் கையொப்பம் பெறுதல் நன்று. பிற்காலத்தில் நீதிபதி கேட்கும் முதற் சான்று அதுவாக இருக்கலாம். வாயிலில் வாய்ச்சண்டை எழுந்தால் பிள்ளையை உள்ளே அமர்த்திவிட்டு, இருவரையும் அலுவலகத்திற்கு அழைத்து ஆணையைப் படித்துக் காட்டலாம். எல்லை மீறினால் போலீசாரை அழைக்கத் தயங்கலாகாது. பிள்ளை கொடுமைக்குள்ளாவதாக ஐயம் எழுந்தால் சமூகநலத் துறைக்கோ, தாலியான் காசிஹ் என்னும் 15999 எண்ணுக்கோ தெரிவித்தல் வேண்டும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால், அதனை வெறும் விடுப்பு என்று குறித்துவிட்டுப் போதல் கூடாது. காவலுரிமை உடையவரை அன்றே அழைத்துக் கேட்டல் வேண்டும். காலமே மீறியவரின் துணை என்று கண்டோம். அத்துணையை முதல் நாளிலேயே நீக்கும் ஆற்றல் வருகைப் பதிவேட்டை எடுப்பவர் கையில் இருக்கிறது.

யாவற்றினும் மேலாகப் பிள்ளையிடம், ‘உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?’ என்று ஆசிரியர் ஒருபோதும் கேட்டல் ஆகாது. அவ்வினாவைக் கேட்கவேண்டிய நிலை வந்தால், அறையில் தனியே அழைத்து மெல்லக் கேட்கும் பொறுப்பு நீதிபதிக்கு உண்டு. பிள்ளை விடுமுறையில் இரு வீட்டுக்கும் சென்று, இரு வீட்டிலும் உண்டு, குறித்த நாளில் மலையேறித் தன் வகுப்பில் வந்து அமர்தல் வேண்டும். அதுவே அவ்வாணையின் பயன்.